கால் பார்க்கும் படிப்பும் சீதனக் காணியும்

தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பெறுபேறு நல்லதுதான், ஆனால் மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளிக்கு எட்டாது. மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. அன்றிரவே குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு படிப்பைச் சொல்லத் தொடங்கினார்கள். தாதியம், கணினி, ஜப்பான் மொழி என்று போய்க்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவே ரொரன்ரோவில் இருக்கும் சின்ன மாமா ஒரு குரல் பதிவு போட்டார்: "பிள்ளைய பொடியாட்ரி படிக்க விடுங்க. கால் டொக்டர். இஞ்ச அவங்க காசு அள்ளுறாங்க."

அதற்குப் பிறகு குழுவில் வேறு பேச்சில்லை. தங்கச்சியின் வீட்டுக்காரர் படுவான்கரை வயற்காணியை விற்பதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அது மகளுக்குச் சீதனமாக வைத்திருந்த காணி. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தானே போகும். அவளுடையதை விற்று அவளையே படிக்க வைத்தால் என்ன குறை என்பது அவருடைய நியாயம். நியாயம்தான். ஆனால் விற்று வாங்கப்போவது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும் அல்லவா?

நான் தாதி உத்தியோகத்தில் இருப்பவள். நீரிழிவுக் கிளினிக்கிலும் மருந்து கட்டும் அறையிலும் பாதி ஆயுள் போய்விட்டது. கால்களை எனக்குத் தெரியும். அதனால் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. தேடிப் பார்த்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன். கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ இன்னொரு வீட்டிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கக்கூடும்.

பொடியாட்ரி என்கிற பாத மருத்துவம் படித்தவர் செய்கிற வேலையில் பாதி, வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சின்ன வேலையாகத் தெரியும். சதைக்குள் வளரும் நகத்தை மரக்கச் செய்து ஓரத்தை மட்டும் எடுத்து, திரும்ப வளராமல் பீனோல் என்ற மருந்து வைப்பது. காய்ப்பையும் கால் ஆணியையும் கத்தியால் சீவுவது. நடையைப் பார்த்து, எந்த இடத்தில் பாரம் விழுகிறது என்று கண்டு, செருப்புக்குள் வைக்கும் அடித்தட்டைச் செய்து கொடுப்பது. குழந்தைகளின் தட்டைப் பாதம், ஓடுகிறவர்களின் குதிகால் வலி. அடுத்த பாதி நீரிழிவுக் கால். அங்கேதான் இந்தத் தொழிலின் உண்மையான பெறுமதி இருக்கிறது என்பேன்.

சீனி வருத்தம் வருடக்கணக்கில் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கும். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. பாட்டாவைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள் காலில் இருக்கத் தெரியாமல் நாள் முழுக்க வயலில் நின்றவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். "நோவு இல்ல மிஸ், அதுதான் வரேல்ல" என்பார்கள். நோவு இல்லாததுதான் வருத்தமே. நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது காலில் புண் வரும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. நீரிழிவால் கால் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் ஒரு சின்னப் புண்தான் வந்திருக்கும். முழங்காலோடோ தொடையோடோ கால் எடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால் புற்றுநோய் என்றால் நடுங்குகிற எங்கள் சனம் கால் புண்ணுக்கு மஞ்சள் பூசிவிட்டு இருக்கும்.

எங்கள் பகுதிக்கென்று சில தனிக் கவலைகளும் உண்டு. ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் பொத்துவில், உகந்தை தாண்டிக் குமண, யால காட்டுக்குள்ளால் நடக்கிறார்கள். பலர் வெறுங்காலோடு. கொதிக்கிற தார் வீதியில் எழும்பிய கொப்புளம், உணர்வுள்ள காலுக்கு ஒரு கிழமைத் தொல்லை. உணர்விழந்த காலுக்கு அது வாட்டில் ஒரு மாதம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிக்கும் தீப்பள்ளயத்தில் இறங்க நேர்த்தி வைத்தவர்களிலும் சீனி உள்ளவர்கள் இருக்கிறார்கள். நேர்த்தியை நிறுத்து என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். போவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்பேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் மூன்றின் நுனியிலும் ஆட்காட்டி விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது. காசு ஒரு சதமும் இல்லை.

பாத மருத்துவம் என்றால் வெள்ளைக்காரர்களின் வசதிக்காக வந்த படிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உணர்விழந்த பாதத்தைப் பற்றி உலகம் கற்ற முக்கியமான பாடம் தமிழ் மண்ணில் இருந்து போனது. கொல்லிமலையில் வளர்ந்த போல் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர் 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, நோவு தெரியாததால் அடிபட்டு, தேய்ந்து, கவனிக்கப்படாமல் அழிகின்றன என்று அவர் காட்டினார். மென்மையான நுண்துளை ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்புகள் அந்த வேலையில் இருந்து வந்தவை. இன்று நீரிழிவுக்காரருக்கு எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு அதுதான். 1966 இல் அவர் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குப் போனார். அங்கே நீரிழிவுக் காலுக்கும் இதே கதைதான் என்று கண்டு அந்த முறைகளைக் கொண்டுபோனார். எங்கள் மட்டக்களப்பு வாவிக்குள்ளும் மாந்தீவு இருக்கிறது, தொழுநோய் வைத்தியசாலையோடு. நோவு தெரியாத கால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தேவை இவ்வளவு இருக்கிறது. இனிக் காசுக்கு வருவோம்.

மாமா சொன்னது அமெரிக்கப் பாத மருத்துவர்களை மனதில் வைத்துத்தான். அங்கே இது முழுமையான ஒரு தொழிற்பட்டம், டி.பி.எம். என்பார்கள். முதலில் நான்கு வருடப் பட்டம், அதன் பிறகு எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதிப் பாத மருத்துவக் கல்லூரியில் நான்கு வருடம், பிறகு வைத்தியசாலையில் மூன்று வருட வதிவிடப் பயிற்சி. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு 11 வருடம். முடித்தவர்கள் கணுக்கால் வரை அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. நடுத்தர வருமானம் வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் டொலரை ஒட்டி நிற்கிறது. மாமாவின் "அள்ளுறாங்க" இந்தத் தொகைதான்.

செலவுப் பக்கத்தை மாமா சொல்லவில்லை. கல்லூரிக் கட்டணமே வருடத்துக்கு 40,000 டொலருக்கு மேல். வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்தால் நான்கு வருடத்துக்கு இரண்டரை இலட்சம் டொலர் என்று வைக்கலாம். டொலர் 300 ரூபாய் என்றால் ஏழரைக் கோடி. முதல் நான்கு வருடப் பட்டத்தின் செலவு இதில் இல்லை. படித்து முடிக்கும்போது 2 இலட்சம் டொலருக்கு மேல் கடனோடு வெளியே வருவது அங்கே சாதாரணம். ஆனால் அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற கடன். அதற்கும் 2026 யூலையில் இருந்து வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 இலட்சம் டொலர் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். மாணவர் விசாவில் போகிற எங்கள் பிள்ளைக்கு அந்தக் கடன் கிடைக்காது. தனியார் கடன் என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏழரைக் கோடிக்குக் கையெழுத்துப் போடும் சொந்தம் யாருக்கு இருக்கிறது?

வதிவிடப் பயிற்சி இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. 2013 ஐ ஒட்டிய காலத்தில், படித்து முடித்தவர்களுக்குப் பயிற்சி இடம் போதாமல் பலர் கடனோடும் பட்டத்தோடும் நின்றார்கள். பின்னர் நிலைமை சீரானது. இருந்தாலும் விசாவில் இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் கிடைப்பது இன்னொரு படி கடினம்.

எனக்குப் பெரிய தடையாகப் பட்டது வேறு. அந்தப் பட்டத்தின் முழுப் பெறுமதியும் அமெரிக்க எல்லைக்குள்தான். மாமா இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தையே எடுங்கள். அங்கே 1993 யூலை 31 க்குப் பிறகு புதிதாக யாரையும் பாத மருத்துவர் வகுப்பில் பதிவதில்லை என்று சட்டம். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தாலும் கைரோபொடிஸ்ட் என்ற, அதிகாரம் குறைந்த கால் சிகிச்சையாளர் பிரிவில்தான் பதியலாம், எலும்பில் கை வைக்க முடியாது. ஏழரைக் கோடிப் படிப்பு ஓர் எல்லைப் பாலத்தைத் தாண்டி ரொரன்ரோவுக்கு வந்ததும் சுருங்கிவிடுகிறது. அந்தப் பாலத்தின் கனடாப் பக்கம் இருந்துகொண்டுதான் மாமா எங்களுக்கு யோசனை சொல்கிறார்! கனடாவிலேயே படிக்கலாம் என்றால், ரொரன்ரோவின் மிச்செனர் நிறுவனம் பட்டம் முடித்தவர்களை எடுத்து மூன்று வருடத்தில் கைரோபொடி கற்பிக்கிறது. கியூபெக்கில் நான்கு வருட டி.பி.எம். உண்டு, பிரெஞ்சு மொழியில். மாமாவின் மகள், எனக்கு மச்சாள், அங்கே ஏற்கெனவே உயிரியலில் பட்டம் முடித்துவிட்டு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். மாமாவின் யோசனை அவருடைய வீட்டுக்குத்தான் அளவாக இருக்கிறது. இதைக் குழுவில் எழுதவில்லை, தனியாக அவருக்குச் சொன்னேன்.

பிரித்தானியா வேறு மாதிரி. அங்கே பாத மருத்துவம் ஓர் இளமாணிப் பட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்று வருடம், ஸ்கொட்லாந்தில் நான்கு. எங்கள் உயர்தரப் பெறுபேற்றோடு நேரே விண்ணப்பிக்கலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் புள்ளி பெரும்பாலும் 7 கேட்பார்கள். முடித்தவுடன் சுகாதாரத் தொழில்களுக்கான சபையில் பதிந்து வேலை தொடங்கலாம், வதிவிடப் பயிற்சி என்று ஒன்று இல்லை. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 15,000 முதல் 20,000 பவுண் வரை. பவுண் 400 ரூபாய் என்று வைத்தால், மூன்று வருடக் கட்டணம் ஒரு கோடி எண்பது இலட்சத்தில் இருந்து இரண்டு கோடி நாற்பது இலட்சம் வரை. அதே அளவுக்கு ஒட்டி வாழ்க்கைச் செலவும் வரும். இலண்டனில் என்றால் கூட.

சம்பளத்தில் அங்கே அள்ளுவதற்கு எதுவும் இல்லை. இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸில் புதிதாகச் சேர்கிறவர் ஐந்தாம் தரத்தில் தொடங்குவார். 2025/26 இல் அது வருடத்துக்கு 31,049 பவுண். ஆறாம் தரத்துக்கு ஏறினால் 38,682. வரி, வாடகை போக மிச்சம் பிடித்துக் காணியின் விலையைத் திரும்ப எடுக்கப் பல வருடம் ஆகும். ஆனால் வேலை இருக்கிறது. 2017 இல் மாணவர்களுக்கான மானியத்தை நிறுத்தியபோது இந்தத் துறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 2020 இல் வேறு வடிவில் வருடத்துக்கு 5,000 பவுண் கொடுக்கத் தொடங்கியபோது, ஆள் கிடைக்காத துறை என்று பாத மருத்துவத்துக்கு மேலதிகமாக 1,000 பவுண் சேர்த்தார்கள். இது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும், எங்களுக்கில்லை. இருந்தாலும் ஓர் அரசாங்கம் எந்தத் தொழிலுக்கு மேலதிகக் காசு கொடுத்து ஆள் சேர்க்கிறது என்று பார்த்தால் அங்கே வேலை நிலவரம் விளங்கும்.

அவுஸ்திரேலியாவில் நான்கு வருடம். கட்டணம் வருடத்துக்கு 35,000 முதல் 45,000 அவுஸ்திரேலிய டொலர் வரை என்று எடுத்தால், எங்கள் காசில் மொத்தம் மூன்று கோடிக்கு அங்கும் இங்கும். அதைத் தவிர ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் கையில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும். சம்பளம் பிரித்தானியாவைவிட நல்லது. நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு வருடத்தில் ஐந்து தடவை துணை மருத்துவச் சேவைகளுக்கு அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயர் காசு கொடுப்பதால் தனியார் கிளினிக்குகளுக்கும் ஆள் வருகிறது. திறமை அடிப்படையில் குடியேறுகிறவர்களின் தொழில் பட்டியலில் பாத மருத்துவமும் இருக்கிறது. திரும்பி வருகிற எண்ணமே இல்லை, இவ்வளவு காசும் கையில் உண்டு என்கிற குடும்பத்துக்கு, கணக்கு ஓரளவு பொருந்துகிற நாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

நகரத்தில் உள்ள ஒரு மாணவர் முகவரிடம் தங்கச்சியின் வீட்டுக்காரர் போய் வந்தார். அவர்கள் கொடுத்த தாளில் முதல் வருடக் கட்டணம் மட்டும் இருந்தது, அதுவும் கழிவு போக. பிரித்தானிய விசாவுக்கு வருடத்துக்கு 776 பவுண் வீதம் முழுக் காலத்துக்கும் சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது அதில் இல்லை. வருடாவருடம் கட்டணம் ஏறும் என்பதும் இல்லை. கேட்டதற்கு "அதெல்லாம் பார்ட் டைம் வேலையில சமாளிக்கலாம்" என்றார்களாம். வைத்தியசாலைப் பயிற்சியோடு ஓடுகிற படிப்பில் பகுதிநேர வேலைக்கு எத்தனை மணித்தியாலம் மிஞ்சும் என்று தாதியப் படிப்புப் படித்த யாரையாவது கேட்டால் சொல்லுவார்கள்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் கணக்கும் மாமா கணக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். பிள்ளை கேட்ட கேள்விதான் என்னைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வைத்தது. "பெரியம்மா, முடிச்சிட்டு இஞ்ச வந்தா எனக்கு வேலை இருக்கா?"

இப்போதைக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் அரச பல்கலைக்கழகங்களில் பாத மருத்துவத்துக்கென்று ஒரு பட்டப்படிப்பு இல்லை. இந்த நாட்டில் அது இன்னும் வேரூன்றிய தொழில் இல்லை. நீரிழிவுக் காலை இங்கே வைத்தியரும் தாதியும் பிசியோதெரபிஸ்டும் செயற்கை உறுப்புச் செய்பவரும் பங்கு போட்டுப் பார்க்கிறோம். யாருக்கும் அது முழுநேர வேலை இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்துப் படித்தவள் மட்டக்களப்பில் தனியாகக் கிளினிக் போட்டால், ஒரு கால் ஆணியை எடுக்க எவ்வளவு வாங்குவாள்? படுவான்கரையில் இருந்து பஸ் ஏறி வருகிற கமக்காரர் எவ்வளவு கொடுப்பார்? காத்தான்குடியிலும் கல்முனையிலும் காசு கொடுக்கக் கூடியவர்கள் கொஞ்சப் பேர் இருப்பார்கள். அந்தக் கொஞ்சப் பேரை நம்பிக் காணி விற்க முடியாது. புண் இங்கே இருக்கிறது, சம்பளம் அங்கே இருக்கிறது. படித்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு பதவியை உருவாக்குவது அரசாங்கத்தின் வேலை. பதினெட்டு வயதுப் பிள்ளை தன் சீதனத்தைப் போட்டுச் செய்கிற வேலை இல்லை.

ஆகவே நான் சொன்ன வழி கொஞ்சம் சுற்று. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பிசியோதெரபியை மேலே போடு என்றேன். கொழும்பிலும் பேராதனையிலும் நான்கு வருடம், இலவசக் கல்வி. வெட்டுப்புள்ளி அதற்கும் உயரம்தான், ஆனால் அவளுடைய புள்ளிக்குக் கதவு மூடவில்லை. அது கிடைக்காவிட்டால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டம். கைவேலையில் விருப்பம் என்றால் ராகம, வெலிசறைப் பக்கம் செயற்கை உறுப்புகளுக்கான பயிற்சிப் பாடசாலை ஒன்று 2004 இல் இருந்து நடக்கிறது. போர்க்காலத்தில் மிதிவெடியால் கால் போனவர்களுக்காகத் தேவைப்பட்ட கைத்திறன் இப்போது சீனியால் கால் போனவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. இந்த மூன்றில் எது படித்தாலும் இங்கே உத்தியோகத்துக்கு வழி உண்டு. எது படித்தாலும் காலைத் தொட்டே ஆகவேண்டும்.

பட்டம் முடித்த பிறகும் பாத மருத்துவ ஆசை மிச்சம் இருந்தால், பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்கள் வேறு பட்டம் உள்ளவர்களை எடுத்து இரண்டு வருடத்தில் முதுமாணியாகவே பாத மருத்துவப் பதிவுக்குத் தகுதியாக்குகின்றன. மூன்று வருடக் கட்டணம் இரண்டாகும். பிசியோதெரபிப் பட்டத்தோடு அந்தத் தொழிலிலேயே அங்கே பதிவுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அப்போது அவள் கையில் ஒரு தொழிலோடு போவாள், வயதும் இருபத்து மூன்று இருபத்து நான்கு ஆகியிருக்கும். மூன்று கோடிக் கடனைப் பற்றி முடிவெடுக்கப் பதினெட்டைவிட அது நல்ல வயது.

தங்கச்சிக்கு இது அரைமனதுதான். "எல்லாருடைய பிள்ளையும் வெளிநாட்டுக்குப் போகுதே அக்கா" என்கிறாள். போகட்டும். பிள்ளை இப்போது ஐ.ஈ.எல்.ரி.எஸ். வகுப்புக்குப் போகிறாள், எந்த வழியில் போனாலும் அது வீணாகாது. ஓய்வு நாட்களில் கிளினிக் பக்கம் வந்து பார்க்கக் கேட்டிருக்கிறாள். அனுமதி வாங்கிக் கொடுப்பேன். அழுகிய விரலின் மணத்தைத் தாங்க முடிகிறதா என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

நேரே வெளிநாட்டில்தான் படிக்கப் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முற்பணம் கட்டுவதற்கு முன், பிரித்தானியா என்றால் சுகாதாரத் தொழில்களுக்கான சபையின் தளத்திலும், அவுஸ்திரேலியா என்றால் பாத மருத்துவச் சபையின் தளத்திலும் அங்கீகரித்த பாடநெறிகளின் பட்டியல் இருக்கிறது, அதைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, சேரப்போகிற பாடநெறியின் பெயரே இருக்க வேண்டும். கால் பராமரிப்பு என்ற பெயரில் சின்னச் சின்னச் சான்றிதழ்ப் படிப்புகளும் விற்கிறார்கள். அவற்றை வைத்துப் பாத மருத்துவராகப் பதிய முடியாது.